ஃபிளாஸ்க்கில் வரும் பார்லி சூப்

துபாயில் குளிர் தொடங்கிவிட்டால் போதும், எங்கள் நுரையீரல் வார்டில் ஈரானியக் குடும்பங்களின் ஃபிளாஸ்க்குகள் வரிசைகட்டி நிற்கும். உள்ளே பார்லி சூப், அவித்த டர்னிப், சீமைமாதுளை விதை ஊறிய கொழகொழ நீர். பாசத்தோடு கொண்டுவரும் உணவை நான் தடுப்பதில்லை. அவர்கள் வந்து சேரும் நாள்தான் என்னை வதைக்கிறது. ஏழெட்டு நாள் வீட்டிலேயே இவற்றைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, உதடு நீலம் பாரித்த பிறகு தூக்கிவருகிறார்கள்.

சென்ற குளிர்காலத்தில் நிமோனியாவோடு ஒரு பாட்டி. மகள் ஆக்சிஜன் முகமூடியை ஒதுக்கிவிட்டு, படுத்தவாக்கிலேயே சூப் ஊட்டினார். இரண்டாவது கரண்டியில் புரையேறியது. திரையில் 92 என்றிருந்த ஆக்சிஜன் அளவு 81-க்கு இறங்கியது. அப்போதும் அந்தப் பெண்ணின் கையில் கரண்டி அப்படியே இருந்தது.

இப்னு சினா சொன்னது

1037-ல் ஹமதானில் மறைந்த பாரசீக மருத்துவர் இப்னு சினாவின் மருத்துவ நூலான ‘அல்-கானூன்’, காய்ச்சலுக்கும் மார்பு நோய்களுக்கும் பார்லிக் கஞ்சித்தண்ணீரைப் பரிந்துரைக்கிறது. யுனானி மருத்துவத்துக்கும் அதுவே மூலநூல். பார்லிக் கஞ்சி எளிதில் செரிக்கும், நீர்ச்சத்தும் தெம்பும் தரும். மருத்துவமனை உணவாக அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அது பத்தியம். சீழ் பிடித்த நுரையீரலுக்கு அதுவே மருந்தாகிவிடாது.

நம்பிக்கைகள்

டர்னிப்பை ‘இயற்கை பெனிசிலின்’ என்கிறார்கள். தெஹ்ரான் தெருக்களில் குளிர்காலத்தில் ஆவி பறக்க விற்கும் நல்ல காய்கறி அது, பெனிசிலின் அல்ல.

நாம் சூடு, குளிர்ச்சி என்பதை அவர்கள் ‘கர்மி’, ‘சர்தி’ என்பார்கள். சர்தி என்று தயிரையும் மீனையும் நிறுத்திவிடுகிறார்கள். புரதம் வேண்டிய நேரத்தில் முதியவர் வெறும் சூப்பில் கிடந்து மெலிகிறார். தேனும் ‘நபாத்’ கல்கண்டும் இருமலுக்கு இதம்தான். ஸ்டீராய்டு ஏறும் சர்க்கரை நோயாளிக்குக் கொடுத்தால் சர்க்கரை எங்கோ போய் நிற்கும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. சீமைமாதுளை விதையை முழுதாக ஊறவைத்து வடிகட்டுங்கள். இடித்தால் சயனைடு வெளிப்படும்.

என்னால் பொறுக்கவே முடியாதது அபின். இருமும் குழந்தைக்குத் துளி அபின் தரும் பழக்கம் ஈரானில் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. இருமலை அடக்கும் அதே அபின்தான் மூச்சையும் அடக்கும். மது குடித்தால் கொரோனா அண்டாது என்ற வதந்தியை நம்பி, 2020-ல் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்துக்கு அந்நாட்டில் நூற்றுக்கணக்கானோர் பலியானார்கள். இத்தனைக்குப் பிறகும், போன வருடம் மீந்த ஆன்டிபயாடிக்கை இரண்டு நாள் விழுங்கிவிட்டு நிறுத்துகிறவர்களை என்னவென்று சொல்வது?

பரிசோதனை

என்ன மருந்து என்பதை முடிவுசெய்ய நாங்கள் பார்ப்பவை ஆக்சிஜன் அளவு, எக்ஸ்ரே, ரத்தம், சளி.

கெஞ்சிக் கேட்கிறேன்

ஃப்ளூ தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுங்கள். வயதானவர்களுக்கு நிமோகாக்கல் தடுப்பூசியும் வேண்டும். வீட்டுக்குள் ஹூக்கா புகைப்பதை நிறுத்துங்கள். ஊட்டும்போது நோயாளியை நிமிர்த்தி உட்காரவையுங்கள். மூச்சு வாங்கினால் ஊட்டாதீர்கள், முகமூடியைக் கழற்றும் முன் நர்ஸைக் கேளுங்கள். நிமிடத்துக்கு 30 முறைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, ஆக்சிஜன் 94-க்குக் கீழே போனாலோ அன்றைக்கே வந்துவிடுங்கள். ஃபிளாஸ்க்கையும் எடுத்துக்கொண்டே வாருங்கள். எப்போது கொடுக்கலாம் என்று நான் சொல்கிறேன்.