வேஷம் கட்டுதலும் வேஷம் காட்டுதலும்

குலசேகரன்பட்டினத்தில் தசராவுக்குக் கொடியேறிவிட்டால் எங்கள் கடற்கரையின் முகமே மாறிவிடும். திருச்செந்தூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் காளி உட்கார்ந்திருப்பாள். டீக்கடை வாசலில் குரங்கும் போலீஸும் ராஜாவும் நிற்பார்கள். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு, விரதமிருந்து, காப்புக் கட்டி, வேஷம் போட்டு, வீடு வீடாகத் தர்மம் எடுத்து, சேர்ந்த காசைக் கோயில் உண்டியலில் போட வேண்டும். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் தலை மாற்றி மாற்றி வரும் மகிஷாசூரனை அம்மன் கொல்வதோடு முடியும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. காளி வேஷக்காரனைப் பார்த்து 'நல்லா ஆடுறான்' என்று யாரும் சொல்வதில்லை. 'ஆத்தா, பிள்ளைக்குத் துன்னூறு பூசிவிடு' என்றுதான் சொல்வார்கள். நிற்பவர் பார்வையாளர் இல்லை, கொடுப்பவர், வாங்கிக்கொள்பவர். வேஷம் இங்கே கட்டப்படுகிறது, காட்டப்படுவதில்லை. இதை அப்படியே தூக்கி ஐரோப்பிய மேடை ஒன்றில் வைத்தால் என்ன ஆகும்? இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. நமக்கு முன்பே இதைச் சந்தித்தவர்கள் இருக்கிறார்கள்.

ஜாவாவின் சிரெபோன் பகுதியில் 'தொபெங்' என்ற முகமூடி ஆட்டம் உண்டு. முகமூடியின் உட்புறத்தில் ஒரு தோல் பட்டை. அதைப் பல்லால் கடித்துக்கொண்டுதான் ஆட வேண்டும். வாய் அடைபட்டுவிடுகிறது, உடல் மட்டும் பேசுகிறது. கல்யாணம், சுன்னத்து, ஊர்ச் சடங்கு என்று காலையில் தொடங்கிப் பொழுது சாயும்வரை நடந்த ஆட்டம் இது. பஞ்சி முதல் க்ளானா வரை ஐந்து முகங்கள். வெள்ளை முகப் பஞ்சி கிட்டத்தட்ட அசைவதே இல்லை. ஆடுவதற்குக் கடினமானது அதுதான் என்பார்கள். சிவந்த முகத்தோடு குதித்தாடுபவன் க்ளானா. 'இருபது நிமிஷத்துல முடிச்சிருங்க' என்று ஓர் அயல்நாட்டு அமைப்பாளர் சொன்னால் ஐந்தில் எது நிற்கும், எது போகும் என்று ஊகிக்கப் பெரிய ஞானம் வேண்டியதில்லை.

1889இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு 'ஜாவா கிராமம்' கட்டினார்கள். ஆடிய இளம்பெண்கள் மத்திய ஜாவாவின் மங்குநகரன் அரண்மனையைச் சேர்ந்தவர்கள். வாசித்தவர்களோ மேற்கு ஜாவாவின் தேயிலைத் தோட்டப் பகுதியிலிருந்து வந்த சுந்தானியர்கள். ஊரில் வேறு வேறு மரபுகளைச் சேர்ந்த இவர்கள் பாரிஸில் ஒரே 'ஜாவா' ஆனார்கள். இசையமைப்பாளர் டெபுஸ்ஸி மயங்கிக் கேட்டது இந்தக் கலவையைத்தான். அயல்நாட்டில் காட்டப்படும் 'மரபு' பல சமயம் அங்கேயே தயாராகிறது.

நம் கதை இதைவிடப் பழையது. 1838இல் திருவேந்திபுரத்துத் தேவதாசிகளை ஒரு பிரெஞ்சு வியாபாரி ஒப்பந்தம் போட்டுப் பாரிஸுக்கும் லண்டனுக்கும் கூட்டிப்போனான். அவர்களில் அம்மணி என்ற பெண்ணைப் பற்றி எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே உருகி எழுதினார். ஆனால் அவள் கப்பல் ஏறுவதற்கு முன்பே, 1830இலேயே, பாரிஸ் மேடையில் 'இந்தியத் தாசி' ஒருத்தி இருந்தாள் - மரி தாலியோனி என்ற ஐரோப்பிய நடனக்காரியின் உடம்பில். பிம்பம் முந்திக்கொண்டது, மனுஷி பிறகுதான் வந்தாள். நிஜமானவள் அந்தப் பிம்பத்தோடு ஒத்துப்போகிறாளா என்று சரிபார்க்கப்பட்டாள். அதிகாரம் வேலை செய்யும் இடம் இது. பார்க்கிறவன் எதைப் பார்க்க வேண்டும் என்பது ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்ட பிரதி.

கூத்துக்கு வருவோம். வடதமிழ்நாட்டில் இரவு முழுக்க நடக்கும் கூத்து வெளிநாட்டு அரங்கில் ஒன்றரை மணி நேரமாகும்போது முதல் பலி யார்? கிரீடம் தப்பிவிடும், புஜக்கட்டை தப்பிவிடும், அரிதாரம் தப்பிவிடும். கட்டியங்காரன்தான் தப்புவதில்லை. ராஜாவைக் கிண்டலடித்து, ஊர்ப் பிரசிடெண்டைச் சாடி, மகாபாரதத்துக்கு நடுவில் ரேஷன் கடையைக் கொண்டுவருகிறவன் அவன். அவன் பேச்சு மொழிபெயராது என்று வெட்டிவிடுகிறார்கள். ஆக, காட்சி ஏற்றுமதியாகிறது, பேச்சு துறைமுகத்திலேயே நின்றுவிடுகிறது. முகமூடி சுங்கத்தைத் தாண்டிவிடும். நாக்கைத்தான் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள்.

எங்களுக்கு இது புதிதல்ல. கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. அதற்குமுன் எத்தனையோ நூற்றாண்டுகளாக முத்து கப்பலேறிப் போனது. மூச்சடக்கி மூழ்கியவனும், சுறாவை மந்திரத்தால் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டியும், கரையில் நாறிய சிப்பியும் இங்கேயே கிடந்தார்கள்.

அப்படியானால் போகவே கூடாதா? 'மரபு கெட்டுப்போகும், ஊரிலேயே இருக்கட்டும்' என்று சொல்கிற தூய்மைவாதி பெரும்பாலும் கூத்தாடி வீட்டில் பிறந்தவன் இல்லை. ஊர் என்பது சாதியும்தான். சாவு வீட்டில் கட்டாயமாக அடிக்க வைக்கப்பட்ட பறை மேடையேறியபோது எதையோ இழந்தது உண்மை. இழிவையும் சேர்த்தே இழந்தது என்பதும் உண்மை. ஊரும் சந்தைக்கு வெளியே இல்லை. குலசையிலேயே தசரா செட்டுகள் சினிமா நடிகைகளைக் கூட்டிவந்து ஆடவிட்டு, விவகாரம் கோர்ட்டு வரை போயிருக்கிறது. 1983க்குப் பின் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் நடுவே டொரன்டோவிலோ பாரிஸிலோ கூத்து நடக்கும்போது, அந்த 'அயல்நாட்டுப் பார்வையாளர்' நம் ஆட்களே. எனவே 'உள்ளூர் நிஜம், வெளியூர் போலி' என்ற எதிர்வு நிற்காது.

கேள்வி வேறு: கத்தரிக்கோல் யார் கையில்? 1990இல் காஞ்சிபுரத்தில் கூத்துக் கலைஞர்கள் சங்கம் வைத்தபோது 'தெருக்கூத்து' என்ற பெயரை விட்டுக் 'கட்டைக்கூத்து' என்றார்கள். கட்டை என்பது அவர்கள் அணியும் மர அணிகலன். பி. ராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் முன்னின்ற அந்த முயற்சியில் 2002இல் தொடங்கிய குருகுலம் 2020இல் மூடப்பட்டது. அந்தப் பெயர் மாற்றம் பற்றி விவாதம் உண்டு. ஆனாலும் தன்னை எப்படி அழைக்க வேண்டும் என்பதைக் கலைஞன் சொல்லத் தொடங்கியது சின்ன விஷயமில்லை. எதைச் சுருக்குவது, எதைச் சுருக்கவே கூடாது, ஆட்டக்காரர் பெயர் அழைப்பிதழில் எங்கே வரும், சம்பளம் எவ்வளவு என்பவையும் அந்த வரிசையில் வர வேண்டியவை. கட்டியங்காரனை மொழிபெயர்ப்போடு கூட்டிப்போகட்டும். பாதி புரியாமல் போனால் போகட்டும். புரியாமல் உட்கார்ந்திருக்கும் சிரமத்தைப் பார்க்கிறவனும் கொஞ்சம் சுமக்கட்டும். இதுவரை எல்லாச் சிரமத்தையும் ஆடுகிறவனே சுமந்திருக்கிறான்.

குலசையில் விழா முடிந்து காப்பு அவிழ்த்ததும் காளி மறுபடி வலைக்கோ, மில்லுக்கோ, உப்பளத்துக்கோ போய்விடுவான். வேஷத்தை எப்போது கட்டுவது, எப்போது அவிழ்ப்பது என்பது அவன் நேர்ச்சை. வெளிநாட்டு மேடையில் அவனுக்கு அந்த உரிமை இருக்கிறதா என்று மட்டும் கேட்போம். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.