சூத்திரத்துக்கு அடங்காத போல்ட்

எந்திரங்களைக் கணினியில் வடிவமைப்பவர்கள் போல்ட்டை உட்கார்ந்து வரைவது அபூர்வம். ‘எம்8, நீளம் 40’ என்று கேட்டால் போதும். அறுகோணத் தலையும் தண்டும் மரையுமாக ஒரு போல்ட் திரையில் வந்து நிற்கும். எட்டைப் பன்னிரண்டாக மாற்றினால் தண்டு பருக்கும். கூடவே தலை அகலும், மரைகளுக்கு இடையிலான தூரம் விரியும், மரை ஓடும் நீளமும் கூடும். மாற்றியது ஒரே ஓர் எண்தான். இந்த வசதிக்குப் பின்னால் ஒரு நூலகம் இருக்கிறது. அதை யாரோ ஒருவர் வரி வரியாக எழுதியிருக்கிறார். அவர் எதிர்கொண்ட கேள்வி எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒரு போல்ட்டில் எந்த எண்களைக் கணக்குப் போட்டு வருவிக்கலாம், எவற்றை அட்டவணையிலிருந்து எடுத்தே ஆக வேண்டும்?

வடிவத்தை உருவமாக வைக்காமல் உறவுகளாக வைக்கலாம் என்பதை 1963-ல் ஐவன் சதர்லேண்ட் காட்டிவிட்டார். எம்.ஐ.டி.யில் தம் முனைவர் பட்டத்துக்காக அவர் உருவாக்கிய ‘ஸ்கெட்ச்பேட்’ நிரலில், இரண்டு கோடுகள் இணையாக இருக்க வேண்டும் என்று சொன்னால் கணினி அதை நினைவில் வைத்துக்கொண்டு காப்பாற்றியது. மூலப்படத்தில் ஒரு திருத்தம் செய்தால் அதன் பிரதிகள் அத்தனையும் திருந்தின. தொழிற்சாலைக்குரிய திண்ம வடிவங்களுக்கு இந்த எண்ணத்தைக் கொண்டுபோனது 1988-ல் வந்த ‘ப்ரோ/எஞ்சினியர்’. போல்ட்டுகளுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி அமையாது. ஒரே சாடை, வேறு வேறு அளவு.

முதலில் மரையைப் பார்ப்போம். இங்கே வடிவியல் முழு அதிகாரத்தோடு இருக்கிறது. மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. ஆகவே அதன் குறுக்குவெட்டு ஒரு சமபக்க முக்கோணம். அடுத்தடுத்த இரண்டு மரைகளுக்கு இடையிலான தூரத்தை பிட்ச் என்கிறோம். முக்கோணத்தின் உயரம் பிட்ச்சைப் போல 0.866 மடங்கு. உச்சியில் அந்த உயரத்தின் எட்டில் ஒரு பங்கையும் அடியில் நான்கில் ஒரு பங்கையும் வெட்டிவிடுகிறார்கள். எம்8 போல்ட்டின் பிட்ச் 1.25 மில்லிமீட்டர் என்று தெரிந்தால் போதும், மரையின் உள்விட்டம் 6.647 என்று காகிதத்திலேயே போட்டுவிடலாம். இழுவிசையைத் தாங்கும் பரப்பு 36.6 சதுர மில்லிமீட்டர் என்பதும் விட்டம் 8, பிட்ச் 1.25 என்ற அதே இரண்டு எண்களிலிருந்து பிறக்கிறது. தலையில் 8.8 என்று பொறித்த போல்ட் சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை தாங்கும். பெருக்கினால் ஏறக்குறைய மூன்று டன் எடை! இவ்வளவு மெல்லிய தண்டுக்கு இது வியக்க வைக்கும் பலம்.

ஆனால் அந்த 1.25 எங்கிருந்து வந்தது?

எம்6-க்கு பிட்ச் 1. எம்8-க்கு 1.25, எம்10-க்கு 1.5, எம்12-க்கு 1.75, எம்14-க்கு 2. கணக்குப் பிரியர் எவரும் இதைக் கண்டதும் துள்ளுவார். விட்டத்தை எட்டால் வகுத்துக் காலைக் கூட்டினால் ஐந்தும் அப்படியே வருகின்றன. அந்தச் சூத்திரத்தை நூலகத்தில் எழுதி எம்16 கேட்டால் 2.25 என்று விடை வரும். உண்மையில் எம்16-ன் பொதுவான பிட்ச் 2தான். கீழே எம்5-க்கும் சூத்திரம் 0.875 என்கிறது, அட்டவணையோ 0.8 என்கிறது. சூத்திரத்தை நம்பிச் செய்த எம்16 போல்ட்டுக்குக் கடையில் நட்டு கிடைக்காது. ஐந்து இடத்தில் பொருந்திய ஒழுங்கு ஆறாவதில் கைவிடும் என்பதால்தான் நல்ல நூலகங்கள் பிட்ச்சை அட்டவணையிலிருந்து எடுக்கின்றன.

தலையிலும் இதே கதை. அறுகோணத்தின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான அகலம் விட்டத்தின் ஒன்றரை மடங்கு என்ற விதி எம்16, எம்20, எம்24 எல்லாவற்றிலும் அச்சுப் பிசகாமல் நிற்கிறது. அதற்குக் கீழே போனால் எம்6-க்கு ஒன்பதுக்குப் பதில் 10, எம்8-க்குப் பன்னிரண்டுக்குப் பதில் 13. எம்10 இன்னும் சிக்கலானது. சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4017-ல் அதன் தலை 16 மில்லிமீட்டர். பழைய ஜெர்மன் தரமான டிஐஎன் 933-ல் 17. இரண்டு வகையும் இன்றும் புழக்கத்தில் உள்ளன. ஆகவே ‘எம்10’ என்று மட்டும் கேட்பவரிடம் நூலகம் ‘எந்தத் தரம்?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும். கேட்காத நூலகத்தை நம்பி நெருக்கமான மூலையில் போல்ட்டை வைத்தால், பொருத்தும்போது ஸ்பேனர் நுழையாது.

இந்த எண்கள் மனிதர்கள் கூடிப் பேசி ஒப்புக்கொண்டவை. 1841-ல் ஜோசப் விட்வொர்த் பல ஆங்கிலேயப் பட்டறைகளின் திருகுகளைத் திரட்டி, சராசரி பார்த்து, 55 பாகைக் கோணத்தில் பிரிட்டனுக்கு ஒரு பொது மரையை முன்வைத்தார். 1864-ல் பிலடெல்பியாவின் ஃபிராங்க்ளின் நிறுவனத்தில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகையை முன்மொழிந்தார்; உச்சியைத் தட்டையாக விட்டால் சாதாரண பட்டறையிலும் சரியாகச் செய்யலாம் என்பது அவர் வாதம். அந்த ஐந்து பாகை வித்தியாசத்தால் இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் போல்ட்டும் நட்டும் ஒன்றுக்கொன்று சேரவில்லை. அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 1948-ல்தான் 60 பாகையில் உடன்பட்டன. 1947-ல் தொடங்கிய ஐஎஸ்ஓவின் ஒன்றாம் எண் குழு, திருகு மரைகளுக்கான குழு. மேலே வடிவியலின் ஆட்சி என்றேனே, அந்தச் சமபக்க முக்கோணமும் இப்படி ஒரு மேசையில் முடிவானதுதான்.

இவ்வளவு எண்களைச் சேர்த்த பிறகும் மென்பொருள் பெரும்பாலும் மரையை வரையாமல் வழுவழுப்பான உருளையில் ஓர் அடையாளம் மட்டும் இடுகிறது. ஆயிரக்கணக்கான போல்ட்டுகளில் மரையை முழுதாகச் செதுக்கினால் கணினி திணறும் என்பது ஒரு காரணம். இன்னொன்று ஆழமானது. வரைவு மென்பொருள்கள் வளைகோடுகளைப் பல்லுறுப்புக் கோவைகளின் விகிதமாக எழுதுகின்றன. வட்டத்தை அப்படித் துல்லியமாக எழுத முடியும். மரை ஓடும் சுருள்கோட்டை முடியாது. அச்சின் வழியே ஒரு தளத்தை நிறுத்தினால் முடிவின்றி நீளும் சுருள் அதை முடிவில்லாத தடவை வெட்டும். பல்லுறுப்புக் கோவையால் ஆன கோடோ எண்ணி முடிக்கக்கூடிய தடவைதான் வெட்டும். ஒரு துண்டில் இரண்டும் ஒன்றிவிட்டால் முழுவதும் ஒன்றியாக வேண்டும் என்பதால், சிறு துண்டுகூடத் துல்லியமாக அமையாது. திரையில் தெரியும் மரைகள் மிக நெருங்கிய தோராயங்கள்.

முப்பரிமாண அச்சில் எடுப்பவர்களுக்கு மட்டும் மரை உண்மையாகவே வேண்டும். அவர்களுக்காக நூலகத்தில் ஒரு தெரிவு இருக்கும், பக்கத்தில் ‘இடைவெளி’ என்று இன்னோர் அளவுரு. உலோகத்துக்கு அதுவும் அட்டவணையில் உண்டு: கடையில் வாங்கும் சாதாரண எம்8 போல்ட் நட்டுக்குள் சுலபமாக ஓட 7.972 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. பிளாஸ்டிக்கில் இடைவெளி அச்சு எந்திரத்துக்கும் இழைக்கும் தக்கபடி மாறுகிறது. ஒரு சிறு துண்டை அச்சிட்டு, நட்டை முடுக்கிப் பார்த்து, அந்த எண்ணைப் பயனரே நிரப்ப வேண்டும்.