குற்றாலத்து ஈரமும் மெடிக்கல் ஷாப் டியூபும்

ஆரியங்காவு கணவாய் வழியே தென்மேற்குக் காற்று நுழைந்துவிட்டால், தென்காசி வட்டாரத்தில் கொடியில் போட்ட துணி காய்வது கஷ்டம். பேரருவியில் குளித்து, அதே ஈர டிரவுசரோடு ஐந்தருவிக்கு ஆட்டோ ஏறி, அங்கும் நனைந்து, பரோட்டாவையும் ஒரு கை பார்த்துவிட்டு இரவு பஸ் பிடிக்கும் சீசன் கூட்டத்துக்கு அன்றைக்கு ஒன்றும் ஆகாது. ஒன்றிரண்டு வாரம் கழித்துத் தொடையிடுக்கில் அரிப்பு எடுக்கும்போது குற்றாலம் போனதே நினைவில் இருக்காது.

அருவித் தண்ணீர் மீது பழி போட வேண்டியதில்லை. அரிப்பெடுக்கும் அந்தப் படர்தாமரைக்குக் காரணம் ஒரு பூஞ்சை. வெப்பமும் ஈரமும் உராய்வும் சேருமிடம் அதற்குத் தோது: இடுப்பு, அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழ்ப்புறம். சிவந்த வட்டமாகத் தொடங்கி, நடுவில் ஆறியதுபோல் தெளிந்து, ஓரத்தில் மட்டும் மேடிட்டுச் செதில் உதிர்த்தபடி அகலும். அண்ணாக்கயிறு கட்டியவர்களுக்கு அது இடுப்பைச் சுற்றிக் கயிற்றின் தடத்திலேயே வரும். அழுக்கும் வியர்வையும் ஊறிய அந்தக் கயிற்றைக் கழற்றாமல் மருந்து மட்டும் தடவிக்கொண்டிருந்தால் நோய் போய்ப் போய் வரும்.

அருவியில் மூலிகை கலந்து வருகிறது, தோல் வியாதி தீரும் என்ற நம்பிக்கை பழையது. குளியல் சுகம் நிஜம்தான். ஆனால் படர்தாமரைக்கு அது மருந்தல்ல. கத்திரிக்காயையும் கருவாட்டையும் ‘கரப்பான் பண்டம்’ என்று ஒதுக்குவதாலும் இந்தப் பூஞ்சை பட்டினி கிடந்து சாகாது.

உண்மையான வில்லன் அருவியிலும் இல்லை, சாப்பாட்டுத் தட்டிலும் இல்லை. ‘அண்ணாச்சி, அரிப்புக்கு ஒரு கிரீம் குடுங்க’ என்று கேட்டதும் மெடிக்கல் ஷாப்பில் எடுத்து நீட்டப்படும் சின்ன டியூபில் இருக்கிறது. பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே குளோபெட்டாசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு ஒன்று என்று எல்லாம் கலந்த கிரீம். தடவிய ஓரிரு நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும். ஸ்டீராய்டு பூஞ்சையைக் கொல்வதில்லை. அதை எதிர்க்கும் உடலின் தற்காப்பைத்தான் அடக்குகிறது. காவல்காரனுக்குத் தூக்க மருந்து கொடுத்துவிட்டு, வீட்டில் சத்தமே இல்லை என்று நிம்மதி அடைகிற கதை. டியூபை நிறுத்தியதும் நோய் முன்னைவிட அகலமாகத் திரும்பும். வட்டத்தின் வடிவமே கலைந்துவிடுவதால் மருத்துவருக்கும் எளிதில் பிடிபடாது. தொடையிடுக்கில் தோல் மெலிந்து வரிவரியாகப் பிளந்தால், பூஞ்சை போன பிறகும் அந்தத் தழும்பு வாழ்நாளுக்கும் போகாது.

முகத்திலும் இதே அநியாயம் நடக்கிறது. இந்தியாவின் 12 மையங்களில் முகத்தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரைப் பரிசோதித்து 2011-ல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 433 பேர் ஸ்டீராய்டு கிரீம் பூசிக்கொண்டிருந்தார்கள். அதிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவரே அல்ல.

முறையாக மாத்திரை சாப்பிட்டவர்களுக்காவது குணமானதா? பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக மருத்துவர்கள் இதைச் சோதித்தார்கள். 200 நோயாளிகளை நான்கு பிரிவாக்கி, ஃப்ளூக்கனசோல், கிரிசியோஃபல்வின், இட்ராக்கனசோல், டெர்பினஃபைன் ஆகியவற்றில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒன்று கொடுத்தார்கள். எட்டு வாரம் கழித்து முழுமையாகக் குணமானோர்: இட்ராக்கனசோலில் 66 சதவீதம், ஃப்ளூக்கனசோலில் 42, டெர்பினஃபைனில் 28, கிரிசியோஃபல்வினில் வெறும் 14. முன்பெல்லாம் சில வாரங்களில் வேலையை முடித்த டெர்பினஃபைனுக்கே இந்தக் கதி. 2020-ல் பிரிட்டனின் தோல் மருத்துவ இதழில் வெளியான இந்த ஆய்வுக்கு அபூர்வக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. நம்மூர் நோயாளிகளிடம் ஒழுங்காக எழுப்பப்பட்ட ஒரு கேள்விதான் அதன் பலம்.

அதே ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள், இந்தியரிடமும் நேபாளியரிடமும் எடுத்த பூஞ்சையைத் தனி இனமாகப் பிரித்து ‘ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே’ என்று பெயரிட்டார்கள். டெர்பினஃபைன் தாக்க வேண்டிய நொதியின் மரபணுவிலேயே மாற்றம் நேர்ந்திருப்பதால் பல நேரங்களில் இந்த இனத்திடம் அந்த மருந்து பலிப்பதில்லை. 2023 மே மாதம் நியூயார்க்கில் இரண்டு பெண்களுக்கு இது இருப்பதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. அவர்களில் ஒருவர் அண்மையில் வெளிநாடு எதற்கும் போகாதவர்.

தோல் மருத்துவர் சங்கம் பல ஆண்டுகள் குரல் கொடுத்த பிறகு, 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கத் தடை விதித்தது. அதே ஆண்டு தடை செய்யப்பட்ட 328 கலவை மருந்துகளின் பட்டியலில் இத்தகைய கிரீம் கலவைகளும் இருந்தன. சட்டம் இருக்கிறது, கவுண்டரில் சீட்டைக் கேட்கும் பழக்கம்தான் இல்லை.

சிகிச்சையில் பாதி வேலை வீட்டில்தான். மருந்தை வட்டத்தின் நடுவில் மட்டும் தடவாமல், ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை தடவ வேண்டும், ஏனென்றால் பூஞ்சை கண்ணுக்குத் தெரியாமல் அங்கே முன்னேறிக்கொண்டிருக்கும். அரிப்பு நின்றாலும், மருத்துவர் சொன்ன நாள்வரை நிறுத்தக் கூடாது. ஒரே துண்டால் வீடே துவட்டினால், ஒருவருக்குக் குணமாகும்போது இன்னொருவர் திருப்பிக் கொடுப்பார். ஆகவே அரிப்புள்ள எல்லோரும் ஒரே சமயத்தில் மருந்து எடுக்க வேண்டும். உள்ளாடையை உள்புறம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் உலர்த்துவது நல்லது. சாரல் நாளில் இஸ்திரி போடலாம். அருவிக்குப் போகிறவர்கள் மாற்றுத்துணி ஒரு செட் எடுத்துப் போனால் போதும், ஜீன்ஸோடு குளிக்கிற வீரமெல்லாம் வேண்டாம்.

கல்லீரல், இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மாத்திரைக்கு முன் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். குறிப்பாக, இதயம் பலவீனமானவர்களுக்கு இட்ராக்கனசோல் ஆபத்து.

வீட்டில் பாதி தீர்ந்த டியூப் கிடந்தால் அதன் பொடி எழுத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். குளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் படர்தாமரைக்கு அதைத் தொடாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது அந்த டியூபையும் எடுத்துச் செல்லுங்கள். சந்தேகம் இருந்தால், செதிலைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டுப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு, நுண்ணோக்கியில் பூஞ்சை இழையைப் பார்த்துவிடலாம். சில நிமிடங்களில் முடிகிற, செலவு குறைந்த சோதனை அது. அதைச் செய்ய முடியுமா என்று கேட்பதில் தப்பே இல்லை.