கணனிக்குள் ஒரு நுளம்பு

இரவு பத்து மணிக்கு மேல், வீடு அடங்கிய பின்னரே சிறு ஒலிகள் தம் சுயரூபத்தைக் காட்டத் தொடங்குகின்றன. பகலெல்லாம் நம் செவிக்கு எட்டாதிருந்த மணிக்கூட்டின் ஓசை அப்பொழுது சம்மட்டி அடிபோல் கேட்கின்றது. குழாயிலிருந்து சொட்டும் நீர் நித்திரையைக் கலைத்துவிடுகின்றது. இடி முழக்கத்தைச் சகித்துக்கொண்டு உறங்கும் மனிதன், காதருகே ரீங்காரமிடும் ஒரு நுளம்பின் முன்னே தோற்றுப்போகின்றான்.

நாம் இன்று எடுத்துக்கொண்ட விடயமும் ஒரு நுளம்பைப் பற்றியதே. ஆனால் இந்த நுளம்பு வாழ்ந்தது தேங்கிய நீரிலன்று. ஒரு கணனிப் பெட்டிக்குள்.

எமது அன்பர் ஒருவர் திருமண வைபவங்களை வீடியோப் படம் பிடித்துத் தொகுத்துக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவர். வீட்டின் முன்னறையே அவருடைய தொழிற்கூடம். படங்களைத் தொகுக்கும் கணனி ஒன்று. அவற்றைச் சேமித்து வைக்கும் கணனி மற்றொன்று. இரண்டையும் இணைப்பதற்காக, பழைய கணனி உறுப்புகள் விற்கும் கடையொன்றில் வேகமான வலையமைப்பு அட்டைகள் இரண்டை மலிவாக வாங்கிப் பொருத்தினார். வேலை துரிதமாயிற்று. ஆனால் சேமிப்புக் கணனியிலிருந்த அட்டையின் மீது, தீப்பெட்டியளவு அகலமே கொண்ட விசிறியொன்று இரவு பகலாக இரையத் தொடங்கியது. அந்தக் கணனி நின்ற சுவருக்கு அப்பால், அவருடைய மகள் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, அந்த நுளம்பு என்றைக்கு நிற்கும்?" என்று அவள் எம்மைக் கேட்டாள். அவளுக்கு விடை கூறப் புகுந்தபோது நாம் கற்றுக்கொண்டவற்றையே இங்கு எழுதுகின்றோம்.

விசிறி ஏன் வேண்டும்?

சாதாரண வீட்டுக் கணனியின் வலையமைப்பு இணைப்புக்கு விசிறி எதுவும் வேண்டியதில்லை. அது செக்கனுக்கு ஒரு கிகாபிட், அதாவது 125 மெகாபைட் தரவைக் கடத்தவல்லது. திருமணப் படம் ஒன்று 300 கிகாபைட் எனக் கொண்டால், அதனை ஒரு கணனியிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்ப ஆகக் குறைந்தது 40 நிமிடம் செல்லும். பத்து கிகாபிட் அட்டையோ கணக்கின்படி அதே வேலையை 4 நிமிடத்தில் முடிக்கும். நடைமுறையில் வன்தட்டின் வேகம் குறுக்கே நிற்பதால் அவ்வளவு விரைவு கிட்டாதாயினும், வித்தியாசம் பெரிதே.

இந்த வேகத்துக்கு ஒரு விலையுண்டு. சாதாரண செப்பு வடத்தின் வழியே பத்து கிகாபிட் அனுப்பும் நியமம் 2006ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. வடத்துக்குள் நான்கு சோடிக் கம்பிகள் உள்ளன. ஒவ்வொரு சோடியிலும் செக்கனுக்கு 80 கோடி சைகைகள் செல்கின்றன. அதே வேளையில், அதே சோடியிலேயே எதிர்த்திசையிலும் சைகைகள் வருகின்றன. தான் கத்துவதையும் பிறர் கூறுவதையும் ஒரே நேரத்தில் கேட்டு, தன் குரலின் எதிரொலியை நீக்கி, பிறர் சொல்லை மட்டும் பிரித்தறிய வேண்டிய மனிதனின் நிலைதான் அந்த அட்டையிலுள்ள சிப்பின் நிலையும். அந்தக் கணக்கையெல்லாம் ஓயாது செய்வதால் அது சூடேறுகின்றது. முதற் தலைமுறை அட்டைகள் மிகுந்த வெப்பத்தை வெளிவிட்டன. ஆகவேதான் பலவற்றின் மீது அலுமினியச் செதில்களையும், அவற்றின் மேல் ஒரு சிறு விசிறியையும் வைத்தார்கள்.

சத்தம் பிறக்கும் இடம்

விசிறியின் சத்தம் ஒன்றன்று, இரண்டு. முதலாவது காற்றின் சத்தம். நிமிடத்துக்கு 6000 தடவை சுழலும் விசிறி செக்கனுக்கு 100 சுற்றுச் சுற்றுகின்றது. அதற்கு ஏழு இதழ்கள் இருப்பின், செக்கனுக்கு 700 தடவை காற்றை அறைகின்றது. நுளம்பின் சிறகோசையும் செக்கனுக்குச் சில நூறு அதிர்வுகளே. ஆகவே அந்தப் பெண் இட்ட பெயர் வெறும் உவமையன்று. விஞ்ஞானத்துக்கும் பொருந்திய பெயரே!

இரண்டாவது, தேய்மானத்தின் சத்தம். மலிவான சிறு விசிறிகளில் அச்சு சுழல்வது எண்ணெய் ஊறிய வெண்கலக் குழலொன்றிலே. சூடான செதில்களுக்கு மேல் ஆண்டுக்கணக்கில் சுழன்றால் அந்த எண்ணெய் வற்றிவிடும். பின்னர் அச்சு தள்ளாடும்; இதழ்கள் நடுங்கும்; 'கர கர' என்னும் ஓசை எழும். இலேசான இரைச்சலாயின் காற்று, கரகரப்பாயின் அச்சு. இதனைக் கண்டறிய வைத்தியரின் கருவி வேண்டாம். தடித்த கடதாசியைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதிலும் மறு முனையை விசிறிக்கு அண்மையிலும் பிடித்தால் போதும். கணனிக்குள் விசிறிகள் பலவிருக்கும். குற்றவாளி எது என்பதையும் அந்தக் குழலே காட்டிக்கொடுக்கும்.

நாம் செய்த தவறு

வாசகர்களிடம் ஒன்றை ஒளிக்காது கூறிவிட வேண்டும். முதல் நாள் நாம் செய்த சிகிச்சை, விசிறியின் வயரைக் கழற்றிவிட்டதேயாகும். உடனே அமைதி நிலவியது. மகள் மகிழ்ந்தாள், அன்பர் எம்மைப் புகழ்ந்தார், நாமும் தேநீர் அருந்திவிட்டுப் பெருமையோடு வீடு திரும்பினோம்.

அன்று மாலை அன்பர் ஒரு திருமணத்தின் படங்களைச் சேமிப்புக் கணனிக்கு அனுப்பத் தொடங்கினார். மறுநாட் காலையில் வேறொரு திருமணம். ஆகவே படங்கள் போய்ச் சேர்ந்ததும் கமராவின் நினைவக அட்டையைத் துடைத்துவிட எண்ணியிருந்தார். சற்று நேரத்தின் பின் வந்து பார்த்தபோது திரையில் ஓட்டம் எதுவுமில்லை. வேலை முடிந்துவிட்டதென்று கருதி, நினைவக அட்டையைத் துடைக்கும் கட்டளையைக் கொடுக்கப் போனவர், ஏதோ ஐயத்தால் இருபுறத்துக் கோப்புகளையும் எண்ணிப் பார்த்தார். பாதிக்கு மேல் வந்து சேரவில்லை. சேமிப்புக் கணனியின் பதிவேட்டில், வலையமைப்பு அட்டை மிகையாகச் சூடேறியமையால் நிறுத்தப்பட்டது என்னும் பொருளில் ஒரு வரி இருந்தது.

அந்த எண்ணிக்கையை அவர் எடுக்காது விட்டிருந்தால்? வன்தட்டொன்று பழுதுபட்டால் புதிதாக வாங்கலாம். தாலி கட்டிய வேளையை மறுபடி யார் தருவார்? அன்றிரவு நாம் நன்றாக உறங்கவில்லை. இம்முறை அதற்குக் காரணம் விசிறியன்று.

குளிர் நாடுகளில் வாழ்வோர் சிலர் விசிறியை முற்றாக நீக்கிவிட்டதாகக் கூறுவதுண்டு. அவர்களுடைய அறை 20 பாகை செல்சியஸில் இருக்கக்கூடும். எமது கரையோரப் பகுதிகளில் பகல் வெப்பம் 30 பாகையைத் தொடுவது சாதாரணம். அறை பத்துப் பாகை கூடுதலாயின் சிப்பும் ஏறக்குறைய பத்துப் பாகை கூடுதலாகவே சூடேறும். ஆகையால் அவர்களுக்குப் பொருந்திய வைத்தியம் நமக்கும் பொருந்துமென்று கொள்ளலாகாது.

முறையான சிகிச்சை

எதனைச் செய்வதாயினும் முதலிற் கணனியை நிறுத்தி, மின் வயரைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். அட்டையைத் தொடுமுன் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலில் சேர்ந்துள்ள நிலைமின்னைப் போக்கிக்கொள்ளல் நன்று. மின் வழங்கிப் பெட்டியை மாத்திரம் எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது.

முதற் படி, தூசு துடைத்தல். மென்மையான தூரிகையால் இதழ்களையும் செதில்களையும் சுத்தஞ் செய்க. தூசுப் படலம் இதழ்களின் சமநிலையைக் கெடுப்பதோடு, செதில்களுக்கிடையே காற்றையும் அடைத்துவிடும். செதிலைக் கழற்ற நேரின், அதற்கும் சிப்புக்கும் இடையே காய்ந்து போயிருக்கும் வெப்பப் பசையை ஐசோபுரோபைல் அற்ககோல் தோய்த்த பஞ்சினால் துடைத்து, புதுப் பசையை மெல்லியதாகப் பூச வேண்டும்.

இரண்டாம் படி, எண்ணெய். விசிறியின் நடுவே ஒட்டப்பட்டுள்ள தாளை மெதுவாக உரித்தால், பலவற்றில் அச்சின் முனை தெரியும். தையல் மெஷினுக்கு இடும் எண்ணெயில் ஒரு துளி, மிஞ்சினால் இரண்டு துளி விட்டு, கையாற் சுழற்றி, மிகுதியைத் துடைத்து, தாளை மறுபடி ஒட்டிவிட வேண்டும். தேங்காயெண்ணெய் இதற்கு உதவாது. அது நாளடைவில் பிசினாகிவிடும். நுவரெலியாக் குளிரிலோ உறைந்தே போகும். துரு நீக்கும் தெளிப்புத் திரவங்களும் ஏற்றவையல்ல. அவை எஞ்சியிருக்கும் எண்ணெயையும் கழுவிவிடக்கூடும்.

அன்பரின் விசிறி எண்ணெய் கண்டதும் சாதுவாயிற்று. ஆனால் இரண்டு கிழமைக்குள் பழைய கரகரப்பு மீண்டது. தேய்ந்த அச்சுக்கு எண்ணெய் தற்காலிக ஆறுதலேயன்றிப் பூரண குணமன்று. அதன் பின் மாற்றுவதே வழி.

மாற்றுவோர் பழைய விசிறியின் மீதுள்ள எழுத்துகளை முதலில் வாசிக்க வேண்டும். அது 12 வோல்ற்றா, 5 வோல்ற்றா? தடிப்பு எவ்வளவு? 40 மில்லிமீற்றர் விசிறிகளில் திருகாணித் துவாரங்களுக்கிடையே 32 மில்லிமீற்றர் இருப்பது வழக்கம். மூன்று வயர்கள் இருப்பின், ஒன்று சுழற்சி வேகத்தை அறிவிப்பதற்காகும். சில அட்டைகள் அதனைக் கவனித்து, விசிறி நின்றுவிட்டால் எச்சரிக்கை விடுக்கும்.

வேகமும் விட்டமும்

இங்கே மாணவர்களுக்குச் சுவை தரும் கணக்கொன்று உண்டு. ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஆனால் சத்தமோ ஏறக்குறைய 15 டெசிபல் குறைந்துவிடும். பத்து டெசிபல் குறைந்தாலே நம் காதுக்குச் சத்தம் பாதியாகத் தோன்றும். எனவே காற்றில் இழப்பது கொஞ்சம். அமைதியில் பெறுவது அதிகம்.

12 வோல்ற்று விசிறிக்கு 7 வோல்ற்று மட்டும் கொடுப்பது வேகத்தைக் குறைக்கும் ஒரு வழி. அந்த நிலையில் அது 0.06 அம்பியர் எடுக்குமாயின், எஞ்சிய 5 வோல்ற்றைத் தாங்க ஏறத்தாழ 82 ஓம் தடையொன்றைத் தொடரில் இணைக்க வேண்டும். அத்தடையில் 0.3 வாற்று வெப்பம் பிறக்குமாதலால் அரை வாற்றுத் தடையே தகும். மேலும் குறைத்தால் விசிறி தொடக்கத்தில் சுழலாமலே நின்றுவிடலாம் என்பதை மறக்கலாகாது.

இதனினும் சிறந்த வழி விட்டத்தைப் பெருக்குதல். ஒரே வடிவமுள்ள விசிறியின் விட்டம் இருமடங்கானால், அதே வேகத்தில் எட்டு மடங்கு காற்றுக் கிடைக்கும். ஆகவே 40 மில்லிமீற்றர் விசிறி 6000 சுற்றில் தரும் காற்றை, 80 மில்லிமீற்றர் விசிறி 750 சுற்றிலேயே தந்துவிடும். ஆயினும் மெதுவாகச் சுழலும் விசிறியின் உந்துவிசை குறைவு. காற்று முழுவதும் செதில்களுக்கூடாகச் செல்வதுமில்லை. ஆகையால் கணக்கிலும் சற்றுக் கூடுதலான வேகம் வேண்டும்.

நாம் இறுதியிற் செய்தது இதுவே. பழைய சிறு விசிறியை எடுத்துவிட்டு, 80 மில்லிமீற்றர் விசிறியொன்றைச் செதில்களை நோக்கியவாறு பக்கத்து வெற்றிடத்தில் பொருத்தினோம். அதிர்வு பெட்டிக்குப் பரவாதிருக்க இறப்பர்த் துண்டுகளை இடையே வைத்தோம். தாய்ப்பலகையிலிருந்தே அதற்கு மின் கொடுத்து, வேகத்தை ஏறத்தாழ 1200 சுற்றாக அமைத்தோம்.

சோதனையே சான்று

அமைதி கிடைத்தவுடன் எழுந்து போய்விடும் தவறை இம்முறை நாம் செய்யவில்லை. நண்பகல் வெயிலில், பிரதியெடுத்த பழைய படங்களை ஒரு மணி நேரம் ஓயாது அனுப்பிப் பார்த்தோம். இணைப்பு ஒருமுறையேனும் அறவில்லை. 60 பாகை சூடான உலோகத்தில் விரலைச் சில செக்கனுக்கு மேல் வைத்திருக்க இயலாது. இந்தச் செதில்களிலோ விரலைத் தாராளமாக வைத்திருக்க முடிந்தது. பதிவேட்டிலும் எச்சரிக்கை எதுவும் காணப்படவில்லை. இருபுறக் கோப்புகளையும் எண்ணிப் பார்த்த பின்னரே எழுந்தோம். அன்று முதல், எண்ணிப் பாராமல் நினைவக அட்டையைத் துடைப்பதில்லை என்பதை அன்பரும் தம் தொழிலின் விதியாகக் கொண்டுள்ளார்.

அன்றிரவு மகள் கதவருகே வந்து நின்றாள். "மாமா, கணனியை நிறுத்திவிட்டீர்களா? அப்பாவின் வேலை கெட்டுப்போகுமே!" என்றாள். அருகே வந்து பெட்டியின் மீது கையை வைத்துப் பார்க்கும்படி கூறினோம். வைத்தாள், உள்ளே மெல்லிய அசைவொன்று தெரிந்தது. சிரித்துக்கொண்டே தன் புத்தகத்துக்குத் திரும்பினாள்.

வீட்டில் எழும் முறைப்பாடுகளும் இத்தகையனவே. அழும் குழந்தையை அதட்டி வாயடைக்கலாம். பசியறிந்து பாலூட்டியும் அமர்த்தலாம். இரண்டிலும் சத்தம் ஓய்ந்துவிடும். ஆயினும் ஓய்ந்த பின்னர் ஒருமுறை தொட்டுப் பார்த்து, சூடு தணிந்ததா என்று அறிந்துகொள்வது நமது கடமையாகும்.