"அதே டியூப் குடு தம்பி!"

படர்தாமரைக்கு மருந்து கேட்டு வருபவர்கள் நோயின் பெயரைச் சொல்வதில்லை. "போன தடவை வாங்கின அதே டியூப் குடு தம்பி" என்றுதான் கேட்பார்கள். எங்க அப்பாவும் ஆறு மாதம் அப்படித்தான் வாங்கினார். தடவிய இரண்டே நாளில் அரிப்பு நிற்கும். விட்டால் மறுபடி வரும், முன்னைவிட அகலமாக.

டியூபில் இருந்த பொடி எழுத்தைப் படித்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டும் அதில் கலந்திருந்தது. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கும். தோலின் எதிர்ப்பு சக்தியையும் சேர்த்தே அடக்கிவிடும். பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தான்! வட்டத்தின் ஓரம் மங்கிப்போவதால் டாக்டருக்கே சில சமயம் அடையாளம் பிடிபடாது. தொடை இடுக்கில் தோல் மெலிந்து வரிவரியாகத் தழும்பு விழும், அது மறையாது. 2018-ல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை ஷெட்யூல் எச்-ல் சேர்த்தது. அதாவது, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது.

ஆகவே கவுண்டரில் நிற்கும் நாம் முதலில் கேட்க வேண்டியது, "இதுவரைக்கும் என்ன போட்டீங்க?" புதிதாக வந்த சிறு வட்டம் என்றால் குளோட்ரிமசால் 1% களிம்பு போதும். தினம் இரண்டு வேளை, வட்டத்துக்கு வெளியே 2 செ.மீ. வரை தடவ வேண்டும். தடம் மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். (இதைச் சொன்னால்தான் முறைப்பார்கள்!) தலையிலோ நகத்திலோ வந்தால் களிம்பு பத்தாது. அவர்களையும், சர்க்கரை நோயாளிகளையும், உடம்பெல்லாம் பரவியவர்களையும் டாக்டரிடம் அனுப்பிவிட வேண்டும்.

அப்பாவுக்கு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "வீட்ல ஆளுக்கொரு துண்டு இருக்கா?" என்று கேட்டார். நாங்கள் ஐந்து பேர், துண்டு இரண்டுதான்.