மருந்துச் சீட்டில் எழுதாத விவரங்கள்

மனச்சிதைவு நோய்க்குத் தரப்படும் க்ளோசபின் மாத்திரைக்கும் சிகரெட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. புகையிலுள்ள தார், இந்த மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை முடுக்கிவிடுகிறது. அதனால் தினமும் ஒரு பாக்கெட் ஊதுபவருக்குக் கூடுதல் மாத்திரை வேண்டியிருக்கும். அவர் வார்டில் சேர்ந்ததும் சிகரெட்டை நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாத்திரையின் அளவு மாறவில்லை. ஆனால் சில நாள்களில் ரத்தத்தில் மருந்து ஏறிவிடும். அசதி, எச்சில் வடிதல், சிலருக்கு வலிப்புகூட வரலாம். நொதியை முடுக்குவது நிக்கோட்டின் அல்ல, புகைதான் என்பதால் நிக்கோட்டின் சூயிங்கம் மென்றாலும் ஈடாகாது. காபி புகைக்கு நேர்மாறு. அது அதிகமானால் மருந்து உடலில் தேங்கும்.

எத்தனை சிகரெட், எத்தனை டம்ளர் காபி என்று டாக்டர் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எத்தனை மில்லிகிராம் எழுதுவது என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது.

லித்தியம் இன்னும் கறாரானது. பித்துநிலை நோயாளிகளுக்கு அது உதவுவதை 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் எழுதினார். இன்றும் பைபோலார் எனும் இருமுனைக் கோளாறின் சிகிச்சையில் அதற்கு முக்கிய இடம் உண்டு. ரத்தத்தில் அது பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் போதும்; 1.5ஐத் தாண்டினால் நச்சாகத் தொடங்கும். இடைவெளி அவ்வளவு குறுகியது! கத்திரி வெயிலில் வியர்த்து உடல் வற்றினாலும், பேதியானாலும், பிரஷருக்காகத் திடீரென உப்பைக் குறைத்தாலும் சிறுநீரகம் லித்தியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மூட்டுவலிக்கு மெடிக்கலில் வாங்கும் டைக்ளோபினாக் மாத்திரையும் இதையே செய்யும். கை நடுக்கம் கூடி, நடை தள்ளாடினால் உடனே ரத்தப் பரிசோதனை தேவை.

மனச்சோர்வுக்கு வருவோம். அமெரிக்காவில் நடந்த 'ஸ்டார் டி' ஆய்வில் முதல் மருந்திலேயே அறிகுறிகள் நீங்கியவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்தான். முதல் மாத்திரை கேட்கவில்லை என்பதற்காகச் சிகிச்சையையே கைவிடும் குடும்பங்களுக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். மருந்தை மாற்றலாம், அதோடு பேச்சுச் சிகிச்சையைச் சேர்க்கலாம்.

கூட்டம் நெரியும் ஓபியில் இவ்வளவையும் கேட்க டாக்டருக்கு ஏது நேரம்? எந்த மருந்து, எத்தனை வாரம், என்ன ஆனது என்று வீட்டில் ஒரு நோட்டில் எழுதி எடுத்துப்போவது பெரிய உதவி.

நோயாளியின் விருப்பத்துக்குச் சட்டமும் இடம் தந்திருக்கிறது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் யார் முடிவெடுப்பது என்பதை வயதுவந்த எவரும் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். அவசர சிகிச்சைக்கு மட்டும் அது பொருந்தாது.