பழைய கெப் வண்டிக்கு எதை முதலில் செய்வது?

ஈ.பி.எப். காசு கைக்கு வந்ததும் பிள்ளைக்கு ஒரு வண்டி எடுத்துக் கொடுத்தால் அவன் பிழைத்துக்கொள்வான் என்று எண்ணும் தாய் தகப்பன்மார் நம் தோட்டங்களில் நிறையப் பேர். மரக்கறி ஏற்றலாம், விறகு ஏற்றலாம், இரவில் யாருக்காவது வருத்தம் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மீண்டும் திறந்தது. ஆகவே நம் கைக்கு எட்டுவது இருபத்தைந்து, முப்பது வருடம் ஓடிய ஹைலக்ஸ், எல் 200, அல்லது பழைய லேண்ட் ரோவர்தான். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் மழை காலத்திலும் டிவிஷன் வரைக்கும் ஏறும். பழசு என்பதற்காகக் கவலைப்பட வேண்டாம். இந்த வண்டிகளின் செசி கனமானது, கழற்றிப் பூட்டுவது சுலபம், பழைய சாமானும் தேடினால் கிடைக்கும்.

கவலை எங்கே என்றால், மிச்சமிருக்கும் காசை எதில் போடுவது என்பதில்தான். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வண்டியை வாங்கிய மாதமே ஸ்பிரிங்கை உயர்த்தி, பெரிய டயர் போட்டு, முன்னுக்குக் கம்பி பம்பரும் கூரையில் நாலு லைட்டும் பூட்டியது. பார்க்க ராஜா மாதிரிதான் இருந்தது. மூன்றாம் மாதம் கரட் மூட்டையோடு இறங்கும்போது பிரேக் பெடல் அடி வரைக்கும் போய்விட்டது. பையன் புத்தியாக மண் மேட்டில் மோதி நிறுத்தினான். "லைட்டுக்குக் குடுத்த காசுல பிரேக்க முழுசா செஞ்சிருக்கலாமே" என்று தகப்பன் தலையில் கைவைத்துக்கொண்டார். ஏறுகிற வண்டி நின்றுபோனால் பத்துப் பேர் சேர்ந்து தள்ளலாம். இறங்குகிற வண்டி நிற்காவிட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே முதல் ரூபா பிரேக்குக்கு. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். நீண்ட இறக்கத்தில் சூடு ஏறும்போது அந்த ஈரம் ஆவியாகும், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் எண்ணெயை முழுதாக மாற்ற வேண்டும், மேலே ஊற்றி நிரப்பினால் போதாது. பின் சக்கர ட்ரம்முக்குள் சேறும் தூசும் அடைந்திருக்கும். கழற்றிச் சுத்தம் செய்து, லைனிங் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ரப்பர் ஹோஸ்களை வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் யோசிக்காமல் புதிது போடுங்கள்.

பிரேக்கைக் காப்பாற்றும் இன்னொரு சாமான் உங்கள் வண்டியிலேயே இருக்கிறது. சின்ன கியர் லீவரை எல் 4க்குப் போட்டு, இறக்கம் தொடங்கும் முன்பே முதலாம் அல்லது இரண்டாம் கியரில் விட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கும். கிளச்சை மிதிக்கக் கூடாது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் முன் சக்கர நடுவிலுள்ள ஹப்பைக் கையால் 'லொக்' பக்கம் திருப்பினால்தான் முன் சக்கரம் வேலை செய்யும். லீவரைப் போட்டும் இழுக்கவில்லை என்று சொல்பவர்கள் முதலில் இறங்கி இதைப் பாருங்கள். காய்ந்த தார் ரோட்டில் இந்த வண்டிகளை நாலு சக்கரத்தில் ஓட்டாதீர்கள். வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் உருள வேண்டியிருப்பதால் பல்சக்கரங்கள் முறுகிக்கொள்ளும்.

அடுத்தது டயர். பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமையில் செய்தது. பட்டன் ஆழமாகத் தெரிந்தாலும் பத்து வருடம் கடந்த டயரை மலை ரோட்டில் நம்பாதீர்கள். கம்பெனி கொடுத்த அளவிலேயே சேற்றுக்கு ஏற்ற பட்டனுள்ள டயர் போதும். மிகப் பெரிய டயர் போட்டால் கியர் எல்லாம் 'நீளமாகி' ஏற்றத்தில் வண்டி திணறும், பிரேக்குக்கும் வேலை கூடும், ஸ்பீடோமீட்டரும் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும்.

காசே செலவில்லாத வேலை ஒன்று சொல்கிறேன். வெறும் வண்டி இளகின சேற்றில் மாட்டினால் 30 இறாத்தல் காற்றை 20க்கு இறக்குங்கள். டயர் சப்பையாகி நீளமாக நிலத்தில் படியும், பிடிப்பு வரும். ஆனால் பாரம் ஏற்றியிருக்கும்போதும், கூர்க்கல் ரோட்டிலும் இதைச் செய்யக் கூடாது, சுவர் வெட்டுப்படும். தார் ரோட்டுக்கு வருமுன் திரும்ப அடிக்க வேண்டும், ஆகவே காற்று அளக்கும் கேஜும் ஒரு பம்ப்பும் வண்டியிலேயே இருக்கட்டும்.

முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் எதிர்ப் பக்கச் சக்கரமும் கானுக்கு மேல் தொங்கினால், நாலு சக்கர வண்டியும் நகராது. பிடிப்பு இல்லாத சக்கரமே சுற்றும்படிதான் டிப்ரென்ஷியல் அமைந்திருக்கிறது. அதற்குப் பூட்டுப் போடுவது பெரிய செலவு. நமக்கு ஒரு மண்வெட்டியும் இரண்டு தடித்த பலகையும் போதும்.

ஓடை கடப்பவர்கள் அச்சிலுள்ள மூச்சுக்குழாயைக் கவனியுங்கள். சூடான அச்சு குளிர்ந்த தண்ணீரில் இறங்கினதும் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். சில அடி ரப்பர் குழாய் பூட்டி மேலே பொடிக்குக் கீழ் கட்டிவிட்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்கும். அச்சு எண்ணெய் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் ஏற்கெனவே போய்விட்டது, உடனே மாற்றுங்கள்.

மாட்டின வண்டியை இன்னொரு வண்டியால் இழுக்கும்போது பின்னாலுள்ள ட்ரெய்லர் குண்டில் கயிறு கட்ட வேண்டாம். அது கழன்றால் துப்பாக்கிக் குண்டு மாதிரிப் பறக்கும், ஆள் செத்தும் இருக்கிறார்கள். செசியோடு போல்ட் அடித்த கொக்கியில் கட்டி, கயிற்றின் நடுவே ஒரு ஈரச் சாக்கைப் போடுங்கள். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைக் கயிற்றின் நீளத்தைவிடத் தூரமாக விரட்டுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

"அப்ப ஸ்பிரிங்க உயர்த்தவே கூடாதா?" என்று கேட்பீர்கள். உயர்த்தினால் வண்டியின் பாரம் மேலே போய் வளைவில் சாயும். பல கெப்களில் பின் பிரேக்குக்கு ஒரு வால்வு உண்டு. பின்பக்கம் அமுங்கியிருந்தால் பாரம் இருக்கிறது என்று அது பின் பிரேக்கைக் கூட்டும். நீங்கள் உயர்த்தினால் அது வண்டி வெறுமையாக இருக்கிறது என்று ஏமாந்து பிரேக்கைக் குறைத்துவிடும். தொய்ந்துபோன ஸ்பிரிங்கைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவருவது வேறு விசயம், அதைத் தாராளமாகச் செய்யலாம். அதற்குமேல் எதையாவது மாற்றுவதானால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் இன்சூரன்ஸ்காரரிடமும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வேலை முடிந்ததும் முதல் நாளே மூட்டை ஏற்ற வேண்டாம். வெறும் வண்டியாக மேல் டிவிஷனுக்கு ஏறி, சின்ன கியரில் இறங்கி வந்து நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் கிட்டக் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால் அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அன்றைக்கே கராஜ் பாஸிடம் கொண்டுபோய்க் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.